மூத்தோர் குடியிருப்பில் மேஜிக்: வாசகர் கேள்விகளும் எங்கள் பதில்களும்

கூடுவாஞ்சேரி, மறைமலை நகர், கேளம்பாக்கம், ஸ்ரீபெரும்புதூர் என்று சென்னையைச் சுற்றி மூத்தோர் குடியிருப்புகள் பெருகிவிட்டன. அங்கே மேஜிக் ஷோ நடத்துகிறவர்களும் ஏற்பாடு செய்கிறவர்களும் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். வித்தைகளின் ரகசியத்தை இங்கே அச்சிடவில்லை. அளவு, இடம், நேரம், பேச்சு, எது எதனால் சொதப்புகிறது என்பவற்றை மட்டும் எழுதியிருக்கிறோம்.

பிறந்த நாள் விழாக்களில் ஷோ செய்து பழக்கம். முதல் முறையாக ஒரு மூத்தோர் குடியிருப்பில் அழைத்திருக்கிறார்கள். சுமார் 60 பேர், ஒரு மணி நேரம் கேட்கிறார்கள். அதே ஐட்டங்களைச் செய்யலாமா?
– வாசகர், பெரம்பூர்

பாதியை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். ஒரு மணி நேரம் கேட்டாலும் மேடைக்கு 40 நிமிடம் போதும். அதற்கு மேல் உட்கார்ந்தால் இடுப்பும் முழங்காலும் பிடித்துக்கொள்ளும். மீதி 20 நிமிடத்தில் கீழே இறங்கி, நாற்காலி நாற்காலியாகப் போய் ஆளுக்கொரு சின்ன வித்தை காட்டுங்கள். காது மந்தமானவருக்கும் கடைசி வரிசைக்காரருக்கும் அதுதான் ஷோ. ரத்த அழுத்தத்துக்காக நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் நடுவில் எழுந்து போவார்கள். அவர்களை மைக்கில் கூப்பிட்டுக் கேலி செய்யாதீர்கள்.

நேரம்: காலை 10.30 அல்லது மாலை காபி முடிந்து 4.30. இன்சுலின் போட்டுக்கொண்டவர் சாப்பாட்டைத் தள்ளிப்போட்டால் சர்க்கரை இறங்கிவிடும். ஆகவே ஷோ தாமதமாகத் தொடங்கினால் கடைசி ஐட்டத்தை வெட்டுங்கள், சாப்பாட்டு நேரத்துக்குள் இழுக்காதீர்கள். ஆறரைக்கு மேல் சீரியல் நேரம், கூட்டம் நிற்காது.

விட வேண்டியவை: கை வெட்டும் கில்லட்டின், பலூன் உடைப்பது, டப்பாவிலிருந்து பாயும் ஸ்பிரிங் பாம்பு. திடுக்கிட வைக்கும் எதுவும் இதய நோயாளிக்கும், தடுமாறி நடப்பவருக்கும் ஆகாது. முட்டைப் பை (காலிப் பையில் முட்டை மறைந்து தோன்றும் வித்தை) செய்வீர்கள் என்றால் முதலில் சமையலறை சைவமா என்று கேளுங்கள். சைவக் குடியிருப்பில் முட்டைக்குப் பதில் ஒரு சிவப்புப் பந்து போதும். எலுமிச்சைக்குள்ளிருந்து ரூபாய் நோட்டு எடுப்பது உலகம் முழுக்க நடக்கும் அருமையான ஐட்டம், ஆனால் அறுத்த எலுமிச்சை நம் ஊரில் செய்வினையை ஞாபகப்படுத்தும். சாத்துக்குடிக்கு மாறிவிடுங்கள். ஜக்கிலிருந்து ஊற்றிய பால் மறைந்துபோகும் பால் ஜக் வித்தையில் வெள்ளைப் பெயிண்ட் கரைத்த தண்ணீரை ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். இங்கே வேண்டவே வேண்டாம், யாராவது எடுத்துக் குடித்துவிடக்கூடும். கொஞ்சம் பால் பவுடரைத் தண்ணீரில் கரைத்தால் போதும். ஷோ முடிந்ததும் ஜக்கை வெந்நீரில் அலசாவிட்டால் இடுக்கில் தங்கிய பால் புளித்து, அடுத்த ஷோவில் முன்வரிசை வரை நாறும்.

இனி செய்ய வேண்டியவை. தொடக்கம் பேச்சில்லாமல் இருக்கட்டும். உங்கள் குரலுக்கு அவர்கள் காது பழக இரண்டு மூன்று நிமிடம் ஆகும். நியூஸ்பேப்பரைக் கிழித்து முழுதாக்குவது இதற்குப் பொருத்தம். எந்தப் பக்கத்தை எடுக்கிறீர்கள் என்று மட்டும் முன்கூட்டியே பாருங்கள்: இரங்கல் விளம்பரப் பக்கமோ, சாமி படம் போட்ட பக்கமோ கிழிபடக் கூடாது.

அடுத்து மூன்று கயிறு: குட்டை, நடு, நெட்டை மூன்றும் ஒரே நீளமாகிவிடும் வித்தை. கடையில் வரும் மெல்லிய கயிறு நாலாவது வரிசைக்குத் தெரியாது. பாரிமுனையில் 10 மில்லிமீட்டர் பருத்திக் கயிறு வாங்கி 12, 26, 40 அங்குலமாக வெட்டிக்கொள்ளுங்கள். குட்டையும் நெட்டையும் சேர்ந்த நீளம் நடுக்கயிற்றைப் போல் இரண்டு மடங்கு என்பதுதான் கணக்கு. கயிறு தடிக்கத் தடிக்க மடிப்பில் கொஞ்சம் நீளம் போய்விடும் என்பதால் நடுக்கயிற்றில் அரை அங்குலம் குறைத்துப் பாருங்கள். நுனியில் பிசின் தடவிக் காய வைத்தால் பிரியாது. நைலான் வழுக்கும், விறைத்தும் நிற்கும். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வெள்ளைக் கயிற்றைக் காட்டினால் யாருக்கும் எதுவும் தெரியாது. கரும்பச்சை, மெரூன் போன்ற அடர் நிறச் சட்டை போடுங்கள்.

ஒன்றோடொன்று கோத்துப் பிரியும் வளைய வித்தைக்கு வளையங்கள் 12 அங்குல விட்டம் இருக்கட்டும். அவற்றை மைக் பக்கத்தில் மோதவிடாதீர்கள். காதுக் கருவி அந்த ஓசையைப் பெருக்கிவிடும், நிஜமாகவே வலிக்கும்.

எங்கள் கிளப் ஹவுஸில் மாதம் ஒரு நிகழ்ச்சி வைக்கிறோம். ஹாலை எப்படி ஒழுங்கு செய்யட்டும்? போன முறை பாதிப் பேர் "ஒன்றும் தெரியவில்லை, ஒன்றும் கேட்கவில்லை" என்றார்கள்.
– ஆக்டிவிட்டி கோஆர்டினேட்டர், மறைமலை நகர்

இரண்டு புகாருக்கும் பெரும்பாலும் காரணம் ஹால்தான். மேடை இருந்தாலும் மேடையை விடுங்கள். வித்தைக்காரர் தரையில், ஜன்னல் இல்லாத சுவர் முன்னால் நிற்கட்டும். முதுகுக்குப் பின்னால் ஜன்னல் இருந்தால் கண்புரை உள்ளவருக்கு அவர் வெறும் நிழலாகத்தான் தெரிவார். முதல் வரிசை 6 அடி தூரத்தில், வளைவாக மூன்று வரிசை. 60 பேருக்கு அது போதும். வளைவு ரொம்ப மூடிவிட்டால் ஓரத்தில் இருப்பவர்கள் வித்தைக்காரரின் கைக்குப் பின்பக்கத்தைப் பார்த்துவிடுவார்கள். அவர் தோளுக்கு நேர் பக்கவாட்டில் யாரும் இருக்க வேண்டாம்.

வீல்சேர்களைப் பின்னால் நிறுத்துவது எல்லா இடத்திலும் பழக்கம், வெளியே தள்ளிப்போக வசதி என்று. ஆனால் வீல்சேரில் இருப்பவர் முன்னால் இருப்பவரின் தலைக்கு மேல் எழுந்து பார்க்க முடியாது. முதல் வரிசையின் இரண்டு ஓரத்திலும் நிறுத்துங்கள், பிரேக் போடுங்கள், பக்கத்தில் 3 அடி வழி விடுங்கள். பார்வையும் கிடைக்கும், வெளியே போகவும் சுலபம். வாக்கரையும் கைத்தடியையும் வாங்கிச் சுவரோரம் அடுக்காதீர்கள். கைக்கெட்டும் இடத்தில் இல்லாவிட்டால், கழிவறைக்கு அவசரமாக எழுகிறவர் விழுவார். மைக் வயரைத் தரையோடு டேப் போட்டு ஒட்டுங்கள். பளபள டைல்ஸ் மேல் காகிதப் பூத்தூள், தண்ணீர், கயிறு எதுவும் கிடக்கக் கூடாது. இதை வித்தைக்காரரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

காது விஷயத்துக்கு வருவோம். வயதாகும்போது முதலில் மங்குவது உயர் சுருதி ஒலிகள். ச, ஸ, த, ப போன்ற மெய்கள் கரைந்து, பேச்சு கேட்கும், சொல் புரியாது. ஆகவே சத்தத்தைக் கூட்டினால் இரைச்சல்தான் கூடும். ஒரு பெரிய ஸ்பீக்கருக்குப் பதில் இரண்டு சின்ன ஸ்பீக்கர்களை முன்னால், உட்கார்ந்தவர் காது உயரத்தில் வையுங்கள். காலி ஹாலில் எதிரொலி இருந்தால் திரைச்சீலைகளை இழுத்துவிடுங்கள். வித்தைக்காரர் பேசும்போது பின்னணி இசை முழுசாக நிற்கட்டும். தலையில் மாட்டும் மைக் நல்லது. கைமைக் உதட்டை மறைக்கும், காது மந்தமானவர்களில் பலர் உதட்டைப் பார்த்துத்தான் பாதியைப் பிடிக்கிறார்கள். சீலிங் ஃபேன் வித்தைக்காரரின் தலைக்கு மேல் ஓடினால் பட்டுக் கைக்குட்டை அவர் சொன்ன பேச்சைக் கேட்காது. அந்த ஒரு ஃபேனை மட்டும் நிறுத்துங்கள். சென்னை வெயிலில் மற்றதை நிறுத்தக் கூடாது.

அம்மாவுக்கு மறதி நோய். அவர் இருக்கும் பிரிவிலும் மேஜிக் ஷோ வைக்கப் போகிறார்களாம். குழம்பிப் பயந்துவிடுவாரோ என்று இருக்கிறது.
– வாசகி, கேளம்பாக்கம்

உங்கள் கவலை நியாயமானது. எல்லா மேஜிக்கும் அங்கே ஒத்துவராது. பொறுக்கிச் செய்தால் நன்றாக ரசிப்பார்கள். நிர்வாகத்திடமும் வித்தைக்காரரிடமும் இவற்றைக் கேட்டுப் பெறுங்கள்.

எட்டுப் பத்துப் பேர் மட்டும், அவர்கள் தினமும் உட்காரும் அறையிலேயே, 20 நிமிடம், காலையில். மறதி நோய் உள்ள பலருக்குச் சாயங்காலம் பதற்றம் கூடும். அவர்களுக்குப் பழகிய ஆயா பக்கத்தில் இருக்க வேண்டும்.

அவர்களிடமிருந்து எதையும் வாங்கி மறைக்கக் கூடாது. மோதிரம், கண்ணாடி, ரூபாய், எதுவும். "என் பொருளை யாரோ எடுத்துவிட்டார்கள்" என்ற சந்தேகம் இந்த நோயோடு அடிக்கடி வருவது. பொருளை உடனே திருப்பிக் கொடுத்தாலும், கொடுத்தது மறந்து, எடுத்தது மட்டும் மனத்தில் நின்றுவிடலாம். பிறகு பல நாள் ஆயாதான் பழி சுமப்பார். மறைய வைப்பதைவிட வரவழைப்பது அங்கே மேல்: வெறும் கையிலிருந்து மஞ்சள் பட்டுத்துணி, காலிப் பையிலிருந்து பூ.

ஞாபகத்தைச் சோதிக்கும் எதுவும் வேண்டாம். "உங்க கார்டு என்னன்னு மனசுல வச்சுக்கோங்க", "முதல்ல எத்தனை பந்து இருந்தது?" இரண்டுமே அவரை எல்லார் முன்னாலும் தோற்கடிக்கும் கேள்விகள். ஒரே ஐட்டத்தை இரண்டு முறை செய்தாலும் குறையில்லை. அவர் "இது நிஜ மந்திரம்" என்று நம்பினால் திருத்த வேண்டாம். எழுந்து வந்து மேஜையைத் தொட்டால் தொடட்டும், ஒரு பட்டுத்துணியைக் கையில் கொடுங்கள். ஆனால் வித்தைச் சாமான் பெட்டி மூடியே இருக்க வேண்டும். ஸ்பாஞ்சுப் பந்துகளை இந்தப் பிரிவுக்குக் கொண்டுவராதீர்கள், தின்பண்டம் என்று வாயில் போட்டுக்கொள்ள வாய்ப்புண்டு. யாராவது கலங்கினால் ஆயா மெதுவாக அழைத்துப் போகட்டும். வித்தைக்காரர் அதைச் சுட்டிக்காட்டாமல், குரலை உயர்த்தாமல் தொடர வேண்டும்.

சீட்டு வித்தைதான் என் பலம். ஆனால் தூரத்தில் இருப்பவர்களுக்குச் சீட்டு தெரிவதில்லை.
– வாசகர், மயிலாப்பூர்

சாதாரணச் சீட்டு இரண்டரைக்கு மூன்றரை அங்குலம். ஆறடிக்கு அப்பால் எழுபது வயதுக் கண்ணுக்கு அது வெறும் வெள்ளைத் துண்டு. சுமார் ஐந்துக்கு ஏழு அங்குல ஜம்போ கார்டுக்கு மாறுங்கள். ஆட்டினும் டைமனும் ஒரே சிவப்பில் குழம்பும் என்பதால், கார்டை வாயாலும் சொல்லுங்கள். ஒருவரை மட்டும் பார்க்கவைத்து மறைக்காதீர்கள். எடுத்தவர் மறந்தால் ஐட்டமே போய்விடும். நீங்கள் திரும்பிக்கொள்ளுங்கள், எல்லாரும் பார்க்கட்டும், ஒருவர் அதைச் சிலேட்டில் எழுதி வைக்கட்டும்.

கட்டைக் கலைக்கச் சொல்லாதீர்கள். மூட்டுவலிக்காரருக்கும் பார்க்கின்சன்ஸ் நடுக்கம் உள்ளவருக்கும் அது தண்டனை. நீங்கள் கார்டுகளை விட்டுக்கொண்டே வர, அவர் "நிறுத்து" என்றால் போதும், அதே சுதந்திரம்தான். உதவிக்கு வருபவரை எழுப்பி நடக்கவைக்க வேண்டாம். நீங்களே அவர் நாற்காலிக்குப் போங்கள். யாரைக் கூப்பிடலாம் என்று அங்கிருக்கும் நர்ஸிடம் ஷோவுக்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

மேஜை 38 அங்குலமாவது உயரமும், விரிப்பு கோலமோ பூவோ இல்லாத அடர் நிறமாகவும் இருக்கட்டும். கருநீலத் துணிமேல் கறுப்புப் பொருள், பச்சை பக்கத்தில் நீலம், இவை பழுத்த கண்ணுக்குப் பிரியாது. இன்னொன்று: உட்கார்ந்திருப்பவர் உங்கள் கையைக் கீழிருந்து பார்க்கிறார். நின்றபடி கண்ணாடி முன் பழகிய தம்ப் டிப் (கட்டைவிரலில் மாட்டும் வித்தைச் சாமான்) அங்கே பளிச்சென்று தெரிந்துவிடும். போனை உட்கார்ந்தவர் கண் உயரத்தில், மூன்றரை அல்லது நாலு அடியில் வைத்து வீடியோ எடுத்துப் பாருங்கள். தினமும் ரம்மி ஆடுகிற கண்கள் அவை, எதையும் விடாது.

வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவன். எங்கள் குடியிருப்பில் நானே ஒரு ஐட்டம் செய்ய ஆசை. விரல்களில் மூட்டுவலி, கைவேகம் கிடையாது.
– வாசகர், சேலையூர்

உங்களுக்குப் பொருத்தம் பிறந்த நாள் மாயச் சதுரம், அதாவது எந்தப் பக்கம் கூட்டினாலும் ஒரே தொகை வரும் எண் கட்டம். இது கணக்கு என்பதால் முழுசாகவே சொல்லிவிடுகிறோம். நண்பர் ஒருவரின் பிறந்த தேதியைக் கேட்டு நாலு எண்ணாகப் பிரியுங்கள்: நாள், மாதம், நூற்றாண்டு, ஆண்டு. உதாரணத்துக்கு, மெட்ராஸ் போர்ட் டிரஸ்டில் 1912இல் எழுத்தராகச் சேர்ந்த கணித மேதை ராமானுஜனின் பிறந்த நாள் 22-12-1887.

முதல் வரி: 22, 12, 18, 87
இரண்டாம் வரி: 88, 17, 9, 25
மூன்றாம் வரி: 10, 24, 89, 16
நான்காம் வரி: 19, 86, 23, 11

முதல் வரி தேதியேதான். இரண்டாம் வரியில் ஆண்டோடு 1 கூட்டு, நூற்றாண்டில் 1 கழி, மாதத்தில் 3 கழி, நாளோடு 3 கூட்டு. மூன்றாம் வரியில் மாதத்தில் 2 கழி, நாளோடு 2 கூட்டு, ஆண்டோடு 2 கூட்டு, நூற்றாண்டில் 2 கழி. நான்காம் வரியில் நூற்றாண்டோடு 1 கூட்டு, ஆண்டில் 1 கழி, நாளோடு 1 கூட்டு, மாதத்தில் 1 கழி. குறுக்கே, நெடுக்கே, மூலைவிட்டத்தில் எப்படிக் கூட்டினாலும் 139. நாலு மூலை எண்களும், நடுவில் உள்ள நாலும், ஒவ்வொரு கால் பாகத்திலும் உள்ள நாலும் அதே 139.

ஜனவரி முதல் மார்ச் வரை பிறந்தவர் என்றால் மாதத்தில் 3 கழிக்கும் இடத்தில் பூஜ்யமோ கழித்தல் எண்ணோ வந்து நிற்கும். ஏப்ரலிலோ அதற்குப் பிறகோ பிறந்தவரை முன்பே விசாரித்துத் தேர்ந்துகொள்ளுங்கள். "பள்ளிக்கூடச் சர்டிபிகேட் தேதியா, ஜாதகத் தேதியா?" என்றும் கேளுங்கள். நம் தலைமுறைக்கு இரண்டும் வேறு வேறாக இருப்பது சகஜம், பாதியில் தேதி மாறினால் சதுரம் முழுக்க அழிக்க வேண்டும். திருமண நாளைக் கேட்கிறீர்கள் என்றால் தம்பதியாக இருப்பவரிடம் மட்டும். இரண்டுக்கு மூன்றடி வெள்ளைப் பலகை, கறுப்பு மார்க்கர், எண் ஒவ்வொன்றும் 4 அங்குல உயரம். பச்சை, சிவப்பு மார்க்கர் வேண்டாம். பக்கவாட்டில் நின்று எழுதினால் பலகை மறையாது. கூட்டுவதை நீங்கள் செய்யாதீர்கள், கூட்டத்திடம் விடுங்கள். கணக்காளரும் ஆசிரியரும் போட்டி போட்டுக் கூட்டுவார்கள்.

புறா, முயல் வரவழைக்கலாமா?
– வாசகர், அம்பத்தூர்

வேண்டாம். 1960ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் 2001இல் வந்த விதிகளின்படி, பதிவு செய்யாமல் விலங்கையோ பறவையையோ காட்சிக்குப் பயன்படுத்தக் கூடாது. பதிவு இருந்தாலும் இறகும் எச்சமும் ஆஸ்துமாக்காரருக்கு ஆகாது.

ஹாலில் நெருப்பே கூடாது என்கிறார்கள். ஃபிளாஷ் பேப்பர் கொஞ்சம்தானே, ஒரு நொடியில் அணைந்துவிடும். அதற்கும் தடையா?
– வாசகர், வில்லிவாக்கம்

ஆம். ஹாலில் யாராவது ஆக்சிஜன் கருவியோடு உட்கார்ந்திருக்கலாம். அதைச் சுற்றியுள்ள காற்றிலும் துணியிலும் ஆக்சிஜன் கூடியிருக்கும், சின்னப் பொறியும் பெருந்தீயாகும். ஃபிளாஷ் பேப்பர் என்பது நைட்ரோ செல்லுலோஸ், அரைக்கணத்தில் எரிவதற்கென்றே செய்தது. தீபம், மெழுகுவத்தி, சிகரெட் வித்தை எல்லாவற்றுக்கும் இதே பதில்தான்.

எப்படிப் பேசுவது? தாத்தா, பாட்டி என்று அழைக்கலாமா? என்ன ஜோக் சொல்லலாம்?
– கல்லூரி மாணவி, தாம்பரம்

உங்கள் வயதுக்குத் தாத்தா பாட்டி என்று நாக்கில் வருவது இயல்பு, ஆனாலும் அவர்களே சொல்லும்வரை ஐயா, அம்மா அல்லது சார், மேடம். "சாப்டீங்களா செல்லம்" என்ற குழந்தைப் பேச்சு வேண்டவே வேண்டாம். எதிரே இருப்பவர் பாலம் கட்டிய என்ஜினியராகவோ தலைமையாசிரியராகவோ இருக்கலாம். தெலுங்கு, மலையாளம், இந்தி பேசுகிறவர்களும் கூட்டத்தில் இருப்பார்கள். முக்கியமான வரியை எளிய ஆங்கிலத்தில் ஒரு முறை சொல்லிவிடுங்கள். மறதி, வழுக்கை, பல்செட், சாவு பற்றிய ஜோக் எதுவும் கூடாது. வெறுங்கையில் விபூதி வரவழைப்பதும் வேண்டாம், பக்தர்களுக்கும் சங்கடம், பகுத்தறிவாளர்களுக்கும் சங்கடம்.

பேச்சுக்கு நல்ல விஷயம் நம் ஊரிலேயே இருக்கிறது. 1985 தீ விபத்தில் அழிந்த மூர் மார்க்கெட்டை அவர்களில் பலர் நேரில் பார்த்தவர்கள். கீரிக்கும் பாம்புக்கும் சண்டை விடப்போகிறேன் என்று சொல்லிக்கொண்டே தாயத்து விற்ற மோடி மஸ்தானைப் பற்றி ஒரு வரி எடுத்துக் கொடுங்கள். பிறகு அவர்கள் பேசுவார்கள், நீங்கள் கேளுங்கள். அந்த ஐந்து நிமிடத்தை நிகழ்ச்சியில் சேர்த்தே திட்டமிடுங்கள்.

அக்டோபர் 1, உலக முதியோர் நாளில் வருகிறோம் என்று நிறையக் கல்லூரிகள் எழுதியிருக்கின்றன. அன்றைக்கு வந்து குவிகிறார்கள், அப்புறம் ஆளே இல்லை. பிப்ரவரியிலோ ஜூலையிலோ ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமை போங்கள். போட்டோ எடுக்கும் முன் ஒவ்வொருவரிடமும் கேளுங்கள்.

ஷோ காட்டுவதோடு, அவர்களுக்கே வித்தை கற்றுக்கொடுத்தால் விரல்களுக்குப் பயிற்சியாகுமா?
– பிசியோதெரபிஸ்ட், குரோம்பேட்டை

நல்ல யோசனை. 1982இல் அமெரிக்க வித்தைக்காரர் டேவிட் காப்பர்ஃபீல்டு தொடங்கிய ப்ராஜெக்ட் மேஜிக் இதே வழியில்தான் போனது: மருத்துவமனையில் சிகிச்சையாளர்கள் நோயாளிகளுக்கு எளிய கைவித்தை சொல்லித் தந்து, கைப்பயிற்சியாக்கினார்கள். ஒரு மேஜைக்கு ஆறு பேர், 30 நிமிடம், ஒரே ஒரு வித்தை. இரண்டு விரலிலிருந்து இரண்டு விரலுக்குத் தாவும் ரப்பர் பேண்ட் தொடக்கத்துக்கு நல்லது. கால் அங்குல அகலமுள்ள, தளர்ந்த பேண்டாக வாங்குங்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் சர்க்கரையால் விரல் மரத்தவர்களுக்கும் இறுக்கமான பேண்ட் தோலைக் காயப்படுத்தும். அவர்களுக்குக் கயிற்று முடிச்சு வித்தை கொடுங்கள். யாருக்கு எது என்று முடிவு செய்ய உங்களைவிடப் பொருத்தமானவர் இல்லை. கற்ற வித்தையைப் பேரப்பிள்ளைகள் வரும் ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் இன்னொரு முறை பழக்கிவிடுங்கள்.

ஈ.சி.ஆர். பக்கம் ஷோவுக்குப் போனால் சீட்டெல்லாம் ஒட்டிக்கொள்கிறது.
– வாசகர், திருவான்மியூர்

கடற்காற்றின் ஈரத்தில் காகிதச் சீட்டு ஊதிவிடும். இரண்டிரண்டு சீட்டாக லேசாக ஒட்டி நிற்க மருந்து தெளித்த கட்டு என்றால் பிரிய வேண்டிய சோடிகளும் பிரியாது. காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள், ஷோவுக்குப் பத்து நிமிடம் முன்னால்தான் திறக்க வேண்டும். முழுப் பிளாஸ்டிக் கட்டு ஊதாது, ஆனால் வழுக்கும், ஏ.சி. ஹால் விளக்கொளியில் கண்ணையும் கூசவைக்கும். மே மாதத்தில் வித்தை மெழுகையும் எலாஸ்டிக்கையும் காரில் விட்டுப் போகாதீர்கள். மெழுகு உருகும், எலாஸ்டிக் இழுவை போய்விடும். அன்றைக்குச் செய்யப்போகும் கட்டைப் போல இன்னொன்றைப் பிரிக்காமல் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.